நூற்றெட்டும் அம்மாவின் குரலில்

எங்கள் மாரியம்மன் கோவிலில் ஆடி வெள்ளிதோறும் விளக்குப் பூஜை நடக்கும். அன்று கருவறைப் படிக்கு வலப்பக்கம், மைக்குக்குப் பின்னால், எனக்கென்று ஒரு மணைப்பலகை போட்டிருப்பார்கள். பெண்களைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்து, அம்மனின் நூற்றெட்டுப் போற்றியை ஒவ்வொன்றாகப் படிப்பேன். கீழே நான்கு வரிசையாக விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள், ஒவ்வொன்றுக்கும் 'போற்றி' என்று சொல்லி ஒரு சிட்டிகைக் குங்குமத்தையோ ஒரு பூவிதழையோ விளக்கடியில் போடுவார்கள். அந்த மணையில் நான் முதன்முதலில் உட்கார்ந்தது ஏழாம் வகுப்பில். இப்போது பி.காம். முடித்துவிட்டு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமென்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொரோனாவால் பூஜை நின்றுபோன ஆண்டுகள் தவிர, இந்த ஆடி வரைக்கும் அந்த மணையை நான் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

கொடுக்கச் சொல்லிக் கேட்டவர் ஒருவர்தான். என் அம்மா.

நான் ஏன் முடியாது என்று சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்த மணை எனக்கு என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் மதுரைக்குத் தெற்கேயிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் எட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. இருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் இரண்டு பக்கத்திலும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. காம்பவுண்டில் யாருக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும், ரேஷன் அட்டையில் பெயர் மாற்ற வேண்டுமென்றாலும், மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

அம்மா ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டி, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கிக் கட்டுவாள். அந்தக் கம்பெனியை நடத்துகிறவரைக் கோவிலில் எல்லாரும் பெரியக்கா என்போம். மூலனூர்ப் பக்கம் பிறந்து, இங்கே தோட்டம் துரவோடு இருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியில்தான் இப்போது கம்பெனி இருக்கிறது. விளக்குப் பூஜையை முன்னின்று நடத்துவதும் அவர்தான். கம்பெனியில் அம்மா குனிந்து உட்கார்ந்திருக்க, அவர் நின்று பார்ப்பார். கோவிலில் நான் மணையில் உட்கார்ந்திருக்க, அவர் கீழே தரையில் மற்றவர்களோடு உட்கார்ந்து நான் சொல்வதற்குப் 'போற்றி' சொல்வார். முடிந்ததும் பூசாரி முதல் பிரசாதத்தைப் படித்தவள் கையில்தான் கொடுப்பார். பன்னிரண்டு வயதில் அது எனக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை. இருபத்து நான்கு வயதிலும் இல்லை.

அந்த இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவளும் அம்மாதான். அதற்கு முன்னால் படித்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் மாற்றலாகிப் போய்விட, அந்த வெள்ளிக்கிழமை யார் படிப்பது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்குக் கண்ணாடி இல்லை, சிலருக்கு எழுத்தே இல்லை. அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

"எம் புள்ள படிக்கும்."

அன்று கொடுத்தது உள்ளங்கை அளவுப் புத்தகம். ஒரு பக்கம் மட்டுமே அச்சடித்த பழுப்புத் தாள், பக்கத்துக்குப் பத்துப் போற்றி. எழுத்துக் கூட்டாமல் ஒரே ஓட்டமாகப் படித்து முடித்தேன். எல்லாரும் என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுத் தங்கள் நெற்றியில் சொடக்கு முறித்துத் திருஷ்டி கழித்தார்கள். அம்மா மட்டும் தொடவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

என்னை நினைத்து அழுகிறாள் என்று அன்று நினைத்தேன். அடுத்த வெள்ளியும் அழுதாள், அதற்கடுத்த வெள்ளியும். முப்பதாவது போற்றி வரும்போது கண் நிறைந்துவிடும். துடைக்க மாட்டாள். ஒரு கை இதழை எடுக்கும், மறுகை விளக்குத் திரியைக் காக்கும். மைக்குக்குப் பின்னாலிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் தூணோரம் அவள் முகம் நன்றாகத் தெரியும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லூரிக்குப் போனதும், நாளெல்லாம் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவர்களுக்கு அழ ஓர் இடம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்லிக்கொண்ட பிறகும் எனக்குள் ஒரு பொறாமை இருந்தது. நூற்றெட்டுப் பெயரையும் சொல்கிறவள் நான். சொல்லும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வரி முடிகிறதா, அடுத்த வரி எது, மைக்கில் 'ப' வெடிக்கிறதா, அவ்வளவுதான் என் கவலை.

ஒருமுறை கேட்டேன். "ஏம்மா அழுகுற அங்க?"

"அழுகலடி. தண்ணி அதுவா வருது."

"என்ன வேண்டிக்கிட்ட?"

"அப்ப எங்க வேண்டுறது? வேண்டுறதெல்லாம் வாசல்லயே முடிஞ்சுபோகும். பேரச் சொல்லிக் கூப்புட்டா அவ திரும்பிப் பாக்குற மாரி இருக்கும். அம்புட்டுத்தான்."

எங்கள் காம்பவுண்டிலேயே ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். அவளும் விளக்கு வைப்பாள். 'போற்றி' என்ற ஒரு சொல்லைத் தவிர அங்கே நான் படிக்கும் எதுவும் அவளுக்குப் புரியாது. அவள் கண்ணிலும் தண்ணீர் வரும். எனக்கு அது கணக்குப் பாடத்தில் விடை வராத ஒரு கேள்வி மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

இந்த வருடம் ஆனியில் அம்மாவின் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. தைராய்டுக் கட்டி. பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஆடி முடியட்டும் என்று அம்மா சொன்னாள், அவரும் சரியென்று கடைசி வெள்ளிக்கு அடுத்த புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். குரலுக்குப் போகும் நரம்பு அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, சிலருக்குக் குரல் கொஞ்ச நாள் கரகரப்பாகிவிடும், எப்போதாவது ஒருவருக்குப் பழையபடி வராமலும் போகலாம், சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்றார். நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பேச்சு இருக்கும்லங்க?"

"பேச்சு இருக்கும்மா. குரல்தான் மாறலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஆடியில ஒரு வெள்ளி நான் முன்னாடி உக்காந்து சொல்லட்டா?"

"எத?"

"போற்றிய. பன்னெண்டு வருசமா ஒம் பின்னாடியே 'போற்றி, போற்றி'ன்னுக்கிட்டு வாறேன். ஒருநா நானே வாய்விட்டுப் பேரச் சொல்லிக் கூப்புடணும்டி. இந்தக் கொரல் இருக்கப்பவே."

நான் சொன்னேன்: "ஒனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா."

அம்மா சரியென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். முதல் வெள்ளி கோவிலுக்குப் போகும்போது இன்னொரு தரம் கேட்டாள். பெரியக்கா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். இரண்டாம் வெள்ளி கேட்டபோது, நடுவில் மறந்துவிட்டால் எல்லார் முன்னாலும் அசிங்கம் என்றேன். அவள் அசிங்கப்படக் கூடாதே என்று எனக்குக் கவலை இருந்தது உண்மை. அதைவிட உண்மை வேறொன்று. புத்தகம் இல்லாமல் ஒருத்தி அங்கே உட்கார்ந்து சொல்லிவிட முடியுமென்றால், அப்புறம் அந்த மணையில் நான் எதற்கு?

மூன்றாம் வெள்ளியன்று காற்று பலமாக இருந்தது. விளக்கு அணையாமலிருக்க மண்டபத்தின் இரண்டு பக்கமும் கழித்துப்போட்ட பனியன் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அன்று நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு ஷிப்மென்ட் போக வேண்டியிருந்தது. பேக்கிங் லிஸ்டில் ஏதோ குழப்பம், மடியில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. நான் பாதி மனதோடு படித்தேன்.

புத்தகம் புதியது. போன வருடம் கும்பாபிஷேகத்துக்குப் பெரியக்கா வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்தது. பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பன்னிரண்டு போற்றி, மொத்தம் ஒன்பது பக்கம். விளக்கெண்ணெய்க் கை பட்டுப் பட்டு அதன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். நான் நூற்றெட்டாவதைப் படித்து முடித்து மைக்கை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன். பூசாரி மணியை எடுத்துவிட்டார்.

"ஏண்டி, ரெண்டு டஜன் நிக்கிதே."

அம்மாவின் குரல். அவள் செவ்வரளி இதழ்களை மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே எண்ணி எடுத்துவைத்திருப்பாள். பனியன் எண்ணுகிற கை, டஜன் டஜனாகத்தான் எண்ணும். ஒன்பது டஜன், ஒன்பது சின்னக் குவியல், ஒரு தட்டில். ஏழு குவியல் தீர்ந்திருந்தது. இரண்டு அப்படியே இருந்தது.

எங்கள் காம்பவுண்டில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் அக்கா ஒருத்தர் இருக்கிறார். வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க்கா, கம்பெனி நெனப்புலயே இருக்கறீங்ளா? அம்மனுக்கு என்ன எக்ஸ்போர்ட்டா பண்றோம், டஜன் கணக்குச் சொல்றீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மைக்கிலேயே சொன்னேன்: "எல்லாம் படிச்சாச்சும்மா. நீதான் கூட எண்ணியிருப்ப."

"படிச்ச புள்ள சொல்லுதுல்லீங், செரியாத்தான் இருக்கும்" என்று யாரோ முன்வரிசையில் சொன்னார்கள்.

அம்மா தட்டில் மிச்சமிருந்த இரண்டு குவியலையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அம்மனை நிமிர்ந்து பார்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், ஆரம்பித்தாள். "ஓம் வெயிலில் நிழலானவளே போற்றி."

சொந்தமாக ஏதோ கட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் முகம் சூடாகிவிட்டது. ஆனால் பெண்கள் தயங்கவே இல்லை. 'போற்றி' என்று சொல்லிக் குங்குமத்தைப் போட்டார்கள். இரண்டாவது சொன்னாள், மூன்றாவது சொன்னாள். நான் புத்தகத்தைப் பின்னால் புரட்டினேன். நடுவில் இரண்டு தாள்கள் ஒன்றாகத் தடித்திருந்தன. நகத்தால் பிரித்தேன். ஒட்டியிருந்த உட்பக்கங்களில், அறுபத்தொன்றாவது வரியில், 'வெயிலில் நிழலானவள்' இருந்தாள்.

விரலை வைத்துக்கொண்டே போனேன். ஒரு சொல் மாறவில்லை. எழுபதாவது முடிந்ததும் அம்மா நிறுத்தினாள். மூச்சு வாங்குவதைவிடக் கொஞ்சம் நீளமான நிறுத்தம். மறந்துவிட்டது போலும், எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தொடர்ந்துவிட்டாள். எண்பதாவது முடிந்தபோதும் அதே போல நின்றாள். நின்றது அவள் மட்டுமல்ல. விரல்நுனியில் குங்குமத்தைப் பிடித்தபடி எல்லாப் பெண்களும் அந்த நேரத்துக்குக் காத்திருந்தார்கள், அடுத்தது வர இவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர்கள் மாதிரி.

புதிய புத்தகத்தில் அந்த இரண்டு இடமும் பக்கத்தின் நடுவில் வருகின்றன. அங்கே நிறுத்த ஒரு காரணமும் இல்லை. பழைய உள்ளங்கைப் புத்தகத்தில்தான் பத்து முடிந்தால் பக்கம் முடியும். ஏழாம் வகுப்புப் பெண் விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டும் நேரம் அது. புதிய புத்தகம் வந்ததும் அந்தப் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அம்மா விடவில்லை. எழுத்து தெரியாதவளுக்குப் பக்கம் என்று ஒன்று இருப்பது எப்படித் தெரியும்? நான் சொன்னதையும் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்து அவள் மனப்பாடம் செய்திருக்கிறாள். இத்தனை வருடமும் அவள் கேட்டது என்னையா, அம்மனின் பெயர்களையா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். என்னால் முடியவில்லை.

எண்பத்து நான்கில் அவள் நிறுத்தினாள். கடைசி இதழைப் போட்டுவிட்டுத்தான் அம்மனிடமிருந்து கண்ணை எடுத்தாள்.

"இப்ப மணியடிங்க சாமி" என்றாள் பூசாரியிடம்.

தீபாராதனை முடிந்து பூசாரி வழக்கம்போல் முதல் பிரசாதத்தை என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருக்கலாம் என்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் தோன்றியது.

"கோவமாம்மா?"

"எதுக்கு?"

"கூட எண்ணியிருப்பன்னு மைக்குல சொன்னேன்ல."

"அது மட்டுந்தான் சுருக்குன்னுச்சு. நான் எண்ணி ஒரு பீஸு கூடக்கொறைய வந்ததில்ல."

"பக்கம் ஒட்டிக்கிச்சும்மா."

"என்னமோ ஆச்சுன்னு தெரிஞ்சுச்சு. நீ திரும்பி வருவேன்னு பாத்தேன். வரல. அவ பேருல இருவத்தி நாலை விட்டுட்டு எப்புடிடி எந்திரிச்சு வாறது? பாதியாக் கூப்புட்டா யாரு வருவாக?"

சாயப்பட்டறை லாரி ஒன்று ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கடைசி வெள்ளி நீ முன்னாடி உக்காரு" என்றேன்.

அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள். "இப்ப வேணாம்டி. கேட்டப்ப ஒண்ணும் தெரியல. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. எல்லாரும் பாப்பாக."

"புதன்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி இருக்கிறது அந்த ஒரு வெள்ளிதான்."

சொன்ன பிறகு, அதை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அதுதான் அவளை ஒத்துக்கொள்ள வைத்தது.

பெரியக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கம்பெனி வாசலில் நின்று துணி பேல் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாளா? பிசிறு டேபிள்ல அது வாயத் தொறந்து நாலு வார்த்த பேசி நான் பாத்ததில்லியே கண்ணு!" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்குச் சொல்லுச்சல்ல, எனக்கே ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. செரி, சொல்லட்டும். நீ பக்கத்துலயே புத்தகத்த வெச்சுட்டு உக்காந்துக்கோ, எங்காச்சும் நின்னா எடுத்துக் குடு."

அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எம் எடத்துல உக்காரு. வெளக்கு ஆளில்லாம நிக்கக் கூடாது."

அப்படித்தான் கடைசி வெள்ளி நான் மூன்றாவது வரிசையில், தூணோரம், அம்மாவின் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். அம்மா தலைக்குக் குளித்து, போன பொங்கலுக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டி, மணையின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தாள். யாரோ மைக்கை அவள் வாய்க்கு நேராகத் திருப்பினார்கள். அது கீச்சென்று கத்தியது. அம்மா பின்னால் சாய்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் கடிக்காதுங்க்கா, தைரியமாச் சொல்லுங்" என்றார் ஓவர்லாக் அக்கா.

முதல் போற்றி வந்தது. இரண்டாவது வந்தது. மைக்கில் அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. அது எங்கள் வீட்டில் கேட்டதே இல்லாத, சின்னப் பெண்ணின் குரல். பதினொன்றாவதற்குப் பிறகு நின்றது. இது பக்கம் புரட்டும் நிறுத்தம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அம்மா வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். என்னிடம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவது என்ன? பன்னிரண்டு வருடமாகப் படித்தவளுக்கு அது தெரியவில்லை. எழுத்து எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வரியில் என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை. புத்தகம் மைக்குக்குக் கீழே மூடிக் கிடந்தது. என் பக்கத்தில் ஒடிசாப் பெண் குங்குமத்தைப் பிடித்தபடி காத்திருந்தாள். அந்த மண்டபத்தில் அவளுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் ஒரே நிலைமைதான்.

யார் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல், பின்னாலிருந்து இன்னொன்று. அம்மா தலையை ஆட்டினாள்.

"மறக்கலங்க. தெரியும். ஆனா வரமாட்டேங்குது."

"ஏனுங், என்னாச்சுங்?" என்றார் பெரியக்கா.

அம்மா தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இங்கிட்டு உக்காந்தா ஆத்தா மூஞ்சி தெரியலங்க்கா. ஒங்க மூஞ்சிதான் தெரியுது. மூஞ்சியப் பாக்காம எப்புடிங்க கூப்புடறது?"

கோவிலே சிரித்தது. பெரியக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அதுவுஞ் செரிதானுங். எங்க மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் சாமி பேரு வரும்? அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கங், முதுகக் காட்டுனா நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோமுங்."

"அப்படி உக்காந்தா மைக்கு எட்டாதே" என்றார் பூசாரி.

"அது வேணாங்க சாமி" என்றாள் அம்மா. எழுந்து, மணையைத் தானே தூக்கித் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இப்போது வந்தது அவள் குரல். காம்பவுண்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று எட்டு வீட்டுக்கும் கேட்கும்படி கூப்பிடுவாளே, அந்தக் குரல். அவள் தோளுக்கு மேலாக, இரண்டு தலைகளுக்கு நடுவில், எனக்கு அம்மன் முகம் தெரிந்தது. மஞ்சள் காப்பு, வெள்ளிக் கண்மலர், மூக்குத்தியில் யாருடைய விளக்கோ ஆடுகிறது. அத்தனை வருடமும் பூஜை நடக்கும் நேரத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்ததெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களை. அம்மனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே இருப்பவரை விசாரிக்கிற மாதிரி, நூற்றெட்டுப் பெயரையும் வாசித்திருக்கிறேன்.

என் கண்ணில் தண்ணீர் வந்ததா என்று அம்மா பிறகு கேட்டாள். வரவில்லை. ஆனால் பத்து முடிந்து அவள் நின்ற இடத்தில் நானும் மற்றவர்களோடு நின்றேன். அடுத்த பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. அது வந்ததும் 'போற்றி' என்றேன். என் குரல் எது என்று எனக்கே தனியாகக் கேட்கவில்லை. எப்போதும் மைக்கில் தனியாகக் கேட்டுப் பழகிய குரல் அது. போனை எங்கே வைத்தேன் என்பதும், எத்தனையாவது போற்றி நடக்கிறது என்பதும் எப்போது மறந்துபோனது என்று சொல்லத் தெரியவில்லை. இதற்குப் பக்தி என்று பெயரா, எனக்குத் தெரியாது. படித்தவள் என்பதில் எனக்கு இருக்கும் பெருமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அன்று அது எனக்கு எந்த வேலையும் செய்து கொடுக்கவில்லை, எந்தத் தொந்தரவும் செய்யவில்லை.

நூற்றெட்டாவது முடிந்தது. பூசாரி மணியையும் கற்பூரத் தட்டையும் எடுத்துக்கொண்டு நின்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்தபடி அப்படியே அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கழுத்துக்குப் போய் வீக்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வரிசையில் யாரும் அசையவில்லை. எல்லாருக்கும் புதன்கிழமை தெரியும்.

திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?"

பெரியக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சோறு வைக்காமல் ஷிப்ட் முடிந்த கையோடு வந்தவர்கள்தான் பாதிப்பேர். பின்வரிசையில் ஒரு குழந்தை பசிக்கிறது என்று சிணுங்க ஆரம்பித்திருந்தது. ஓவர்லாக் அக்கா அதைத் தூக்கி மடியில் போட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார்.

"சொல்லுங், சொல்லுங்" என்றார் பெரியக்கா. "எல்லாரும் வெளக்குக்கு எண்ணெ ஊத்திக்கங்."

எண்ணெய்க் கிண்ணம் முதல் வரிசையிலிருந்து கைமாறி வந்தது. என் விளக்கில் ஊற்றிவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தேன்.